பெரட்டில் கூப்பிட்ட பேர்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம்,
பங்குனி மாதம்.

அய்யாவின் பாதம் தொட்டு மகன் சின்னாண்டி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு சின்ன சங்கதி. பயப்பட ஒன்றுமில்லை. நம் ஊர்க் கவிராயரின் சிந்துகளைத்தானே நான் எப்போதும் பாடுவேன்? போன வாரம் அவர் மெட்டிலேயே சொந்தமாக ஒன்று கட்டினேன். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த செல்லாயி காய்ச்சலில் செத்துப்போனாள். புதைத்த மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கங்காணி அவள் பேரையும் கூப்பிட்டு வேலைக்கு வந்ததாகப் பதிந்தார். அவள் கூலி அவர் மடிக்குத்தான் போகும். அதைத்தான் பாடினேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதை மலையெல்லாம் பாடிவிட்டார்கள்.

கங்காணி என்னைக் கூப்பிட்டார்.

"யாருடா கட்டுனது?"

"நம்ம கவிராயர் பாட்டுங்க."

"நானும் அந்த ஊருதான்டா. அவரு எந்தத் தோட்டத்துப் பெரட்டுக்கு வந்தாரு?"



சித்திரையில் தோட்டத்துக்குப் புதிதாக ஆள் கட்டிக் கூட்டிவர கங்காணி ஊருக்கு வருகிறார். உங்களிடம் கேட்பார். பழைய பாட்டுதான் என்று சொல்லிவிடுங்கள். அவரிடமே ஒரு கம்பளியும் கொடுத்தனுப்புங்கள், குளிர் தாங்கவில்லை. கீழே எழுதியிருக்கும் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு, இந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

மண்ணுக்குள்ள படுத்தவளை
மலைக்குப் போகச் சொன்னாரு – அவ
கண்ணு மூடி விடியுமுன்னே
கணக்குல சேத்துக்கிட்டாரு.

கவிராயர் பாட்டுப் போல இருக்கிறதா அய்யா? எத்தனை முறை படித்தாலும் என் குரல்தான் கேட்கிறது. அதுதான் பயமாயிருக்கிறது.

கொம்பு ஊதிவிட்டார்கள். பெரட்டில் கங்காணி என் பேரைக் கூப்பிடப் போகிறார்.

சின்னாண்டி