திரையில் காட்டிய ஒன்று

அன்புள்ள உங்களுக்கு,

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் பட்டியல்.

1. சுரங்க வாசலில் உங்கள் மேசைமேல் நான் கணினி வைத்தது.
2. என் நிரலை நீங்கள் கேலி செய்தது.
3. பம்ப் ஆபரேட்டருக்குக் காய்ச்சல் கண்ட அந்த மதியம்.
4. நீங்கள் கணினியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர் என்பது.

நேற்று கண் பரிசோதனைக்காக அரியலூர் போய்விட்டுப் பெரம்பலூருக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நனைந்த கல்தூளின் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் உங்கள் அறை நினைவுக்கு வந்துவிட்டது. தூள் படிகிறதென்று நீங்கள் விசைப்பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பதறிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். "தூசியில சாவுறதுக்கு, குளிச்சிட்டாவது சாவட்டும் சார்" என்றீர்கள். நீங்கள் இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வியாழக்கிழமைதோறும் உங்கள் சுரங்கத்துக்கு வருவேன். நீங்கள் வாசலில் ஆள்கணக்கு பார்ப்பவர், எல்லாருக்கும் அக்கா. கல்லுக்கு வெடி வைக்கும்போது பள்ளத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. உள்ளே போகிறவர்கள் அட்டையைத் தேய்த்துவிட்டுப் போக வேண்டும், வெளியே வரும்போதும் தேய்க்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்பது திரையில் தெரியும். அது பூஜ்யமானால்தான் நீங்கள் சங்கின் சுவிட்சை அழுத்துவீர்கள். சங்கு ஊதினால் வெடி. அந்த எண்ணைச் சரியாகக் காட்டுவதுதான் என் நிரலின் ஒரே வேலை.

என் வேலையில் எனக்கு ஒருநாளும் நிச்சயம் இருந்ததில்லை. அதனால் நிரல் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்கும்படி எழுதியிருந்தேன். நிச்சயமா என்று ஒரு தடவை. மறுபடி பார்த்துக்கொண்டீர்களா என்று இன்னொரு தடவை. ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசை சாலை வரைக்கும் நீண்டது.

"ஏன் சார், வூட்டுல சோறு போட்டாக்கூட ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் சாப்புடுவீங்களா?"

"தப்பு நடந்துடக் கூடாது பாருங்கம்மா."

"தப்பு நடந்தா நீங்க திருத்திப்பீங்க. இவனுங்க என்னைய ஏசுறத யாரு திருத்துறது?"

அடுத்த வியாழன் ஒரு கேள்வியை எடுத்துவிட்டேன். இன்னொன்றை எடுக்க மனம் வரவில்லை. "பாதி பயம் கொறஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

இனி அந்த மதியம். அன்றும் வியாழன், நான் உங்கள் அறையில் இருந்தேன். வெடிக்கு எல்லாம் தயார். எல்லாரும் வெளியே வந்தாயிற்று. திரையில் மட்டும் ஒருவர் உள்ளே இருப்பதாகக் காட்டியது. பம்ப் ஆபரேட்டரின் பெயர்.

ஃபோர்மேன் பொறுமை இழந்திருந்தார். "அவன் காலையிலயே காய்ச்சல்னு சொன்னான். நான்தான் வூட்டுக்குப் போகச் சொன்னேன். தேய்க்காம போயிருப்பான். நீ சங்க அழுத்துக்கா."

"கம்ப்யூட்டர் உள்ள இருக்கான்னு காட்டுது."

"கம்ப்யூட்டர் என்ன சாமியா?" அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களே சொல்லுங்க. உங்க புரோகிராமுல தப்பு இருக்குமா, இருக்காதா?"

"இருக்கலாம்" என்றேன்.

நிரல் எழுதும் எவரும் எந்த நாளும் சொல்லக்கூடிய உண்மைதான் அது. ஆனால் உண்மைக்காக நான் அதைச் சொல்லவில்லை. என்னால் வேலை நிற்கிறதே என்ற கூச்சத்தில் சொன்னேன்.

நீங்கள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். "எங்க சார் தப்பு? எடத்தக் காட்டுங்க. இப்பவே அழுத்திடுறேன்."

காட்ட என்னிடம் எதுவும் இல்லை. "பொதுவா சொன்னேம்மா."

"பொதுவாவா? அப்ப பொதுவா ஒரு ஆளு உள்ள இருக்கான். போய்த் தேடுங்க."

அரை மணி நேரம் கழித்து இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்தார்கள். பள்ளத்துக்குள் மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்திருந்தாராம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நடக்க முடியலக்கா. சித்த சாஞ்சேன், அசந்துட்டேன்." தண்ணீர் கொடுத்தீர்கள். பிறகு அட்டையை அவர் கையில் வைத்து, "மொதல்ல தேய்ச்சிட்டுப் போ" என்றீர்கள். எண் பூஜ்யமானது. சங்கை அழுத்தினீர்கள். வெடி வெடித்தது.

என் நிரல்தான் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். "போட்டோவுக்கு நிமிந்து நில்லுங்க சார்" என்று கூட்டத்திலிருந்து உங்கள் குரல் வந்தது. 'இருக்கலாம்' என்று நான் சொன்னது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஃபோர்மேன் வாயைத் திறக்க மாட்டார். நீங்கள் என்னிடம்கூட ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எத்தனையோ வியாழக்கிழமைகளில் நானே அந்தப் பேச்சை எடுத்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன். நீங்கள் மகள் கல்யாணப் பேச்சை ஆரம்பிப்பீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். அன்று உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த மனிதர் செத்திருப்பார். இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டது. சந்தேகம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அதை இப்போது வேறுமாதிரி கையாள்கிறேன். அடுப்பை அணைத்தீர்களா என்று மனைவி கேட்டால், அணைத்திருப்பேன் என்று சொல்லாமல் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். கைபேசி ஏதாவது சொன்னால் தப்பாக இருக்கும் என்று தள்ளுவதில்லை. எந்த இடத்தில் தப்பு என்று தேடுகிறேன். பல தடவை இடம் கிடைக்கிறது. கிடைக்காதபோது அது சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். இது உங்களிடமிருந்து வந்தது.

எழுதி முடித்துவிட்டு, வழக்கம்போல மேலிருந்து ஒருமுறை சரிபார்த்தேன். பட்டியலில் நான்காவது தவறு. இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் தப்பு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்ல மாட்டார். நான் காட்டியிருந்தால் நீங்கள் சங்கை அழுத்தியிருப்பீர்கள். அன்று அந்த அறையில் ஒன்றைச் சோதித்துப் பார்க்காமலே நம்பியவன் நான்தான். நான் நம்பியது என் சந்தேகத்தை.