குழலைத் தொட்ட சிராய்

நேற்றைய மழையில் வாசல் கதவு ஊறி இறுகிவிட்டது. வந்த தச்சர் நிலையில் சாக்கட்டியைத் தேய்த்து, கதவைச் சாத்தித் திறந்து, வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் இழைத்தார். உடனே உன் முகம் வந்து நின்றது. செத்தும் விடமாட்டாய் போலிருக்கிறது.

உன்னிடம் சாக்கட்டி இல்லை, விளக்குக்கரி. துப்பாக்கியின் இரும்பில் கரி பூசி, மரக்கட்டையில் அமர்த்தி எடுப்பாய். கரி பட்ட இடத்தைச் சுரண்டுவாய். பின்பாகம் கட்டையில் அசையாமல் உட்கார வேண்டும். முன்னால் நீளும் குழல் மரத்தை எங்கும் தொடக்கூடாது. கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தை ஓட்டிக் காட்டிவிட்டுத் திருகை முடுக்குவாய். அதன்பின் சுடுபவன் பிரிக்கக் கூடாது, குறி மாறிவிடும். உன்னை நம்பித்தான் ஆகவேண்டும்.

எண்பதுகளின் கடைசி அது. ஆவடியில் ஒரே ஆலையில் நீ பட்டறையில் நிரந்தரம், நான் தற்காலிகக் காவலாள். ஆலையின் துப்பாக்கி சுடும் அணியில் சேர்ந்தால் என் வேலையும் நிரந்தரமாகும். இருந்ததோ ஓரிடம், போட்டிக்கு நானும் உன் மச்சினனும். தேர்வுக்கு முந்தின நாள் என் எதிரில்தான் காகிதம் ஓட்டினாய். பிறகு, "எண்ணெ தடவிக் காலைல தரேன் மாமே" என்று துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டாய்.

முதல் தோட்டாக்கள் நடுவில் பாய்ந்தன. குழல் சூடேறியதும் ஒவ்வொன்றாக இடப்பக்கம் விலகின. மச்சினனுக்கு இடம் கிடைத்தது. நீ எல்லார் முன்பும் என் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாய்.

"கட்டை கரீட்டா கீது. உன் கைதான் ஆடுது."

அதோடு விட்டாயா? டீக்கடையில் என்னைப் பார்த்தால் போதும். "அண்ணாத்தேக்குப் பாதி கிளாஸ் குடுப்பா, சிந்திடுவாரு" என்பாய். ஊரே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஆலையை விட்டுப் பூந்தமல்லியில் ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கப் போனேன். அங்கே சாவி போடும்போதுதான் கவனித்தேன், கை நிஜமாகவே நடுங்கியது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னாய். "உன் கை ஆடவே இல்ல மாமே. நான்தான் கட்டைக்குள்ள, குழல் சூடானா இடிக்கிற மாதிரி ஒரு சிராய் ஒட்டி வெச்சேன். மச்சினனுக்கு வேற வழியில்ல, இன்னா பண்றது. மனசுல வெச்சுக்காதே."

சொன்னதும் உன் முகம் தெளிந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கக்கூடச் செய்தாய். உன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது எனக்கு.

உன் பாடையைத் தூக்கும் நேரத்தில் உன் பெரிய மகன் தோள் கொடுக்க என்னைக் கூப்பிட்டான். "என் கை ஆடும்பா. உங்கப்பாவே ஊரெல்லாம் சொல்லியிருக்காரே" என்று ஒதுங்கி நின்றேன். சுகமாகத்தான் இருந்தது.

கதவு இப்போது நன்றாக மூடுகிறது. தச்சருக்கு டீ கொடுத்தேன், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து. அப்படியும் சிந்தியது. நீ சொன்ன நாளிலிருந்து இந்தக் கையிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், அதன்மேல் தப்பில்லை என்று. அது இன்னும் உன் பேச்சைத்தான் கேட்கிறது.