தெரிந்துதான் சொன்னாள்

இன்று காலை பூந்தமல்லி பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர் பீடி பற்றவைத்தார். நல்ல பீடி இல்லை. இலையைச் சரியாக ஊறவைக்காமல் சுற்றியது. அந்தக் கருகல் வாசனையில் உன் குரல் கேட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில், இதே டிரங்கு ரோடை ஒட்டிய தகரக் கொட்டகையில் நாம் பீடி சுற்றினோம். உனக்குப் படிக்கத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஆகவே நீ படிப்பாய், உன் பங்கு பீடியை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றித் தருவோம். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு நாவல் கொண்டுவந்தாய். பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் வீட்டுக் கதையைத் தானே சொல்வது. மீசை வைத்த நீ, “நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்” என்று படித்ததும் கொட்டகையே சிரித்தது.

“இன்னா பாய், எப்பலேர்ந்து பாவாட கட்டுறே?” என்றார் மூலையில் இருந்த பெரியவர்.

சில நாளில் சிரிப்பு நின்றது. “பசிக்கிறது என்றால் அம்மா அழுவாள். அதனால் விளையாடப் போகிறேன் என்றேன்” என்ற வரியை நீ படித்தபோது, அதே பெரியவர் மடியிலிருந்த பொறை ரொட்டியை எடுத்து உன் முன்னால் வைத்தார். “மொதல்ல இத துன்னு. அப்பால படி.” நீயும் தின்றாய்.

அதற்குப் பிறகு அவளுடைய ஒவ்வொரு வரிக்கும் நமக்குள் தர்க்கம்தான்.

“கொயந்தடா அது. தெரியாம சொல்லுது. அதான் அயகு” என்பாய்.

நான் விடமாட்டேன். பட்டினியை மறைக்கத் தெரிந்தவளுக்கு வேறு என்ன தெரியவேண்டும்? தெரிந்துதான் சொல்கிறாள் என்பேன்.

“உன்னாண்ட பேசறதுக்கு செவுத்துல முட்டிக்கலாம் மாமே” என்று புத்தகத்தை மூடுவாய். மறுநாள் அதே வரியிலிருந்துதான் தொடங்குவாய்.

ஒருநாள் மத்தியானம் மேஸ்திரி, வாசலில் ஒரு பெண்ணின் பீடிக் கட்டுகளைப் பிரித்துப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். பாதி கழிவாம், கூலி கிடையாதாம். கழிவென்று ஒதுக்கியதையும் அவர் சந்தையில் விற்பது எல்லோருக்கும் தெரியும். நீ உள்ளே படித்துக்கொண்டிருந்தாய்: “பெரியவர்கள் பொய் சொல்லும்போது குரலை உயர்த்துவதை நான் பார்த்திருக்கிறேன்.”

கொட்டகை சிரித்த சிரிப்பில் மேஸ்திரி உள்ளே வந்துவிட்டார்.

“யாரைடா சொன்னே?”

“நான் சொல்லலீங்க. கதையில பொண்ணு சொல்லுது.”

“நான்னுதானே படிச்சே?”

“அந்தப் பொண்ணுதாங்க நானு.”

மறுபடி சிரிப்பு. அவருக்கும் முகம் கொஞ்சம் தளர்ந்தது. “செரி, சின்னப் பொண்ணு, தெரியாம ஒளறிக்கினு கீதுன்னு சொல்லிட்டுக் குந்து. உட்டுடறேன்.”

நீ என்னிடம் நாள்தோறும் சாதித்ததைத்தான் அவர் கேட்டார். ஆமாம் என்றால் போதும், வேலை தப்பியது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

“இல்லீங்க” என்றாய். “தெரிஞ்சுதான் சொல்லுது.”

அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள். போகும்போது புத்தகத்தை என் பீடி முறத்தில் வைத்துவிட்டுப் போனாய். எழுத்தே தெரியாதவனுக்கு எதற்குப் புத்தகம் என்று உன்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் வரிகள் மனப்பாடமாக இருந்தன. பசி வரி எந்தப் பக்கத்தில் என்று தேடிப் பிடித்து, அதிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நானே கற்றேன். எனக்கு வாத்தியார் என்று எவரும் கிடையாது. நீயும் கிடையாது, நீ படித்தாய், அவ்வளவுதான்.

நீ ஆம்பூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். பிறகு, நீ இறந்து வெகுநாள் கழித்து அந்தச் சேதி வந்தது.

ஆயுளில் நான் எவரிடமும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. பேசி ஜெயித்ததும் அநேகம். இந்த ஒன்றை மட்டும் ஜெயித்த கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. சோற்றுக்கான வழியை விட்டுவிட்டு, மூன்றாம் மனிதனான மேஸ்திரியிடம், “அவன் சொன்னதுதான் சரி” என்று எனக்காகச் சொல்லிவிட்டுப் போவது என்ன நியாயம்? அப்படித் தந்ததை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். எதிரே உட்கார்ந்து, என்னிடம் பேசித் தோற்றிருக்க வேண்டும் நீ.