கருநுனிச் சுறாவும் என் மூச்சும்

ஏப்ரல் 16, வியாழன்

இலேசான மேகம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல. விசைப்படகுகளுக்கு நேற்று முதல் தடைக்காலம். பாம்பன் கரையெங்கும் கட்டிப்போட்ட படகுகள். நாங்கள் போனது சேசுவின் சிறு வள்ளத்தில்.

தெற்குப் பாறையில் இரண்டு முறை இறங்கினேன். கருநுனிச் சுறா ஒன்று வந்தது. படம்: வால் மட்டும், அதுவும் கலங்கல். போன வாரமும் வால்தான். கல்லூரியில் நான் விலங்கியல் நடத்திய காலமெல்லாம் ஃபார்மலின் ஜாடிக்குள் கிடந்த அதே இனம். உயிரோடு அதன் முகத்தை ஒரே ஒரு படம். அறுபத்தெட்டு வயதில் இது என்ன ஆசையோ.

இன்று ஒரு தவறு. மூச்சு விட்டால் குமிழிகள் குபுகுபுவென்று கிளம்பும். அந்தச் சத்தத்தில் சுறா திரும்பிவிடுகிறது. எனவே மூச்சை அடக்கிப் பார்த்தேன். கிட்டே வந்தது, உண்மை. ஆனால் என் உடம்பு பந்துபோல மேலே எழும்பியது. ஜலீல் காலைப் பிடித்து இழுத்தார். பஹ்ரைனில் தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்தவர். முதுகில் காற்று சிலிண்டர் கட்டி முக்குளிக்க எனக்குக் கற்றுத் தந்தவர். வள்ளத்தில் ஏறியதும் திட்டு.

"அடக்காதீகன்னு மொத நாளே சொன்னேனா இல்லையா சார்? அடக்கிக்கிட்டு மேல வந்தா உள்ள காத்து பெருத்து நுரையீரல் கிழிஞ்சுரும். நீங்களே பாடம் நடத்துனவுக."

"இல்ல, படம்..."

"இன்னொரு தடவ அடக்குனா ஒங்கள எறக்க மாட்டேன். அதோட முடிஞ்சுச்சு."

சேசு மோட்டாரைக் கிளப்பிக்கொண்டே, "விடுங்க பாய். சுறாவப் பாத்தா மூச்சு நிக்கத்தானே செய்யும்? எனக்கு மாமியாரப் பாத்தாலே நிண்டுருது."

சிரித்தேன். கரை சேரும்வரை வள்ளத்தின் விளிம்பை மட்டும் விடவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

ஜும்ஆ தொழுகை. ஜலீல் வரமாட்டார், கடல் இல்லை. காமிரா உறையை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டேன். ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி. எடுத்துவிட்டு கிரீஸ். உள்ளே தண்ணீர் வர அந்த ஒரு முடி போதும்.

வாங்க: பி.பி. மாத்திரை, பாத்ரூம் பல்பு, கொத்தமல்லி.

நாற்காலியில் மூச்சுப் பயிற்சி. இழு, விடு, நடுவில் நிறுத்தாதே. சுறாவை நினைத்தவுடன் நின்றுவிடுகிறது. நாற்காலியிலேயே! சாரதா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க, நெஞ்சு வலியா?"

"பயிற்சி."

"நல்ல பயிற்சி. கிணத்த எட்டிப் பாக்கவே பயந்தவுக, இப்பச் சுறாகிட்டப் போறீக."

பயம் போய்விட்டது என்று நினைக்கிறாள். திருத்தவில்லை.

ஜலீல் ஃபோன். தெற்கிலிருந்து சோழகக் காற்று கிளம்பப் போகிறதாம். கிளம்பினால் கடல் கலங்கிவிடும், இறங்க மாதங்கள் ஆகும். நாளை ஒரு நாள்தான் நிச்சயம். ஒழுங்காக மூச்சு விடத் தெரியாதவனை அதற்குப் பிறகு கூட்டிப் போவாரா?

ஏப்ரல் 18, சனி

வெயில். தண்ணீர் பச்சை, ஆனால் வழக்கத்தைவிடத் தெளிவு.

படமா மூச்சா என்றால் மூச்சு. அப்படித் தீர்மானித்துத்தான் இறங்கினேன். பாறையோரம், மணலில் முட்டி போட்டு. பக்கத்தில் ஜலீல். அவர் பார்த்தது சுறா வருகிறதா என்று அல்ல, என் குமிழிகளை.

முதலில் கிளிமீன்கள் விலகின. பிறகு அது. எங்கிருந்து என்று தெரியவில்லை. பச்சைத் தண்ணீரே ஓரிடத்தில் கெட்டியாகி உருவம் எடுத்ததுபோல. என் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. மையில் தோய்த்தெடுத்த துடுப்பு நுனி. ஜாடியில் இருந்ததற்கு வெளுத்த கண். இதற்கு மஞ்சள் கண், நடுவே கறுப்புக் கீற்று. செவுள் பிளவுகள் ஐந்தும் மெல்லத் திறந்து மூடின. அதுவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு நின்றுவிட்டது. நின்றது தெரிந்தது. விட்டேன்.

குபுகுபு. வாலால் ஒரே வெட்டு. சுறா இல்லை.

அழுதேன் என்று எழுத வெட்கம். முகமூடிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? இனி ஒன்றுமில்லை என்று மணலில் சாய்ந்து, அண்ணாந்து, மூச்சு விட்டபடி கிடந்தேன். தலைக்கு மேல் ஒரு நிழல். அதுவேதான்! என் குமிழிகள் போகும் பாதையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பிறகு தலையைச் சாய்த்து அவற்றின் ஊடாகவே கடந்தது. வெள்ளை வயிற்றில் பட்டுக் குமிழிகள் சிதற, பின்னால் சூரியன். அவ்வளவு பெரிய உயிர், சத்தமே இல்லாமல். அதற்குக் கீழே நான், இத்தனூண்டு. பயமே இல்லை. பொத்தானை அழுத்திய ஞாபகமும் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காற்று. கொடியில் காய்ந்த வேட்டி பக்கத்து வீட்டில்.

அழுத்தியிருக்கிறேன். தேறிய படம் ஒன்று. கண், வாய், செவுள் எல்லாம் இருக்கிறது. அவற்றின் மேலெல்லாம் குமிழி. புகைப்படப் போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். ஜலீலுக்கு அனுப்பினேன். குரல் பதிவு வந்தது.

"மாஷா அல்லாஹ்! சுறா கெடக்கட்டும் சார். அம்புட்டுக் குமிழியும் நீங்க விட்டது! காத்து அடங்கட்டும், வாங்க, எறங்குவோம்."

சாரதா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். சுறாவை வெகுநேரம் பார்த்தாள். திரையில் விரலை வைத்து, "இதென்னங்க, முத்து முத்தா?"

"என் மூச்சு."

விரலை எடுக்கவில்லை.