உபயம்: பிரதிவாதி

1986 ஆகஸ்ட் 4, திங்கள். விழுப்புரம்.

காலையிலிருந்து மூடாக்கு. மழை இல்லை.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நூலகத்தில் என் நாற்காலியை வாசல் பக்கத்திலிருந்து பின்கதவுப் பக்கம் மாற்றுவதென்று முடிவெடுத்தேன். கிளை தொடங்கிய நாளிலிருந்து நூலகர் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். இனி வாசலுக்கு முதுகைக் காட்டுவார். பதினொரு மணிக்கு நாற்காலி நகர்ந்தது. வாசகர் தரப்பில் எதிர்ப்பு இல்லை. வாசகர் ஒருவரே, தூங்கிக்கொண்டிருந்தார்.

பின்கதவுக்கு வெளியே கழிப்பறை.

பல் வீக்கத்துக்குக் கேப்சூல் சாப்பிட்டது சித்திரையில். பல் அடங்கியது. வயிறு அன்று திறந்ததுதான், இன்னும் மூடவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார்கள். நிறுத்திய வாரம் மறுபடியும். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை.

வீட்டில் மாதுளம் தோல் கஷாயம். அதைப் பற்றி எழுதப் பேனாவுக்குத் தெம்பில்லை.

வாங்க: சோப்பு, குளுக்கோஸ், சோப்பு.

ஆக. 6, புதன். திண்டிவனம்.

வாய்தா. முன்சீப் கோர்ட். வாதி நான். பிரதிவாதி என் அண்ணன் (இனி பி.வாதி). பொருள்: பெருமுக்கல் பக்கம் எங்கள் ஊர் மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லையில் ஒரு வரப்பு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று வசதியாகத் திட்டிக்கொள்ளும் அகலம். பாகம் பிரித்தபோது அதை யாருக்கும் எழுத மறந்துவிட்டார்கள். வழக்குப் போட்ட அன்று, பி.வாதி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். அதை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றி வருகிறேன்.

கூண்டில் ஏறினேன். பெயர் சொன்னேன். தகப்பனார் பெயர் சொல்வதற்குள் கழிப்பறைக்காக இறங்க வேண்டியதாயிற்று. ஒத்திவைப்பு. போன வாய்தாவும் இப்படியே. அதற்கு முந்தியதும்.

என் வக்கீல், வராந்தாவில், காதோடு: "அவசரமே இல்ல சார். நம்ம டாக்குமென்ட் வீக்கு. ஸ்டே இருக்கிற வரைக்கும் வரப்பு உங்க கையில. உங்க வயிறுதான் சார் நம்ம கேஸு."

பி.வாதி புளியமரத்தடியில், மரத்திடம் சொல்வதுபோல் எனக்கு: "மல்லாட்டைக்குக் களை வெட்ற நேரம். வேலைய வுட்டுட்டு வந்தா இவன் ஏறுறான், எறங்குறான். இன்னா பேஜாருடா இது!"

ஆக. 9, சனி. மறுபடி தி.வனம்.

புது டாக்டர். சின்ன வயசு, சொந்த ஊர் ஓமந்தூர் பக்கம், சென்னையில் படித்தவர். மனைவி சரோஜா துணைக்கு வந்தாள்.

டாக்டர் சொன்னது: "கேப்சூல் கெட்ட கிருமியோட நல்லதையும் சேர்த்துக் கொன்னுடுச்சு சார். நெலம் தரிசா கெடக்கு, களை மட்டும் முளைக்குது. நல்ல வயிறா ஒண்ணு பார்த்து, அங்கேர்ந்து நாத்து எடுத்து நடணும்."

நாற்று என்று அவர் குறிப்பிட்டது இன்னொருவருடைய மலம், நடுவது என்றது எனிமா என்பது புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் சரோஜா தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா, குமட்டலா, தெரியவில்லை. வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் இருக்கிறதாம். சிலருக்குக் குணமாகியிருக்கிறதாம். இவர் செய்வது இதுதான் முதல் தடவையாம். நேர்மையான மனிதர்.

"ரத்த சொந்தம்னா நல்லது. சமீபத்துல எந்த மாத்திரையும் சாப்பிட்டிருக்கக் கூடாது."

சரோஜா விரல் மடக்கினாள். அவள்: தொண்டைக்குக் கேப்சூல். பையன்: ஹாஸ்டல், தும்மினால் மாத்திரை. அவள் தம்பி: மெடிக்கல் ஷாப்பே வைத்திருக்கிறான். அடுத்த விரலை மடக்காமல் என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து மாத்திரை விழுங்காத ஒரே ஆள் யார் என்று இருவருக்கும் தெரியும். கேப்பைக்கூழ், மல்லாட்டை, பீடி. கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

"சபதம் இருக்குதே" என்றேன்.

"சபதம் வாய்க்குத்தானங்க? இது அந்த வழியா போவலியே."

தப்பான ஆளுக்கு வக்கீல் ஃபீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக. 10, ஞாயிறு.

சரோஜா தூது. காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்பினாள். பி.வாதி முதலில் நம்பவில்லையாம். பிறகு கட்டிலில் உருண்டு சிரித்தானாம். பிறகு, "ரொம்ப எளைச்சிட்டானாம்மா?" என்று கேட்டானாம். இதைச் சரோஜா இரண்டு தடவை சொன்னாள்.

நிபந்தனை ஒன்று: "தேறினதும் கூண்டுல முழுசா நிக்கணும். இனிமே வயித்தச் சொல்லி வாய்தா வாங்கக் கூடாது."

அண்ணி கேட்டது: "எவ்ளோ வேணுமாம்? ஒரு படி இருக்குமா?"

ஆக. 12, செவ்வாய்.

பி.வாதியின் மாதிரி பரிசோதனை. புழு இல்லை, டைபாய்டு இல்லை, குறை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவன் எதிலும் இப்படித் தேறியதில்லை.

வக்கீலிடம் சொன்னேன். கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "எதிர்த்தரப்புகிட்ட எத வாங்கினாலும் ரசீது மட்டும் குடுத்துடாதீங்க சார்."

ஆக. 14, வியாழன். தி.வனம்.

குறித்த நாள். நர்சிங் ஹோம் வாசலில் மொபெட். பி.வாதி இறங்கினான். தலைக்குக் குளித்து, பட்டையாக விபூதி, சலவை வேட்டி. பின்னால் அண்ணி, கையில் வெற்றிலைபாக்குத் தட்டு. எதற்கென்று கேட்கவில்லை.

டாக்டர்: "ரெடியாங்க?"

பி.வாதி (பெருமையாக): "சுத்தமா வந்திருக்கேங்க. முந்தாநேத்து ராத்திரி வெளக்கெண்ணெய். நேத்து பூரா போச்சு. இன்னிக்கு வெறும் வயிறு. ஒண்ணுமே இல்ல."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரின்னா வெறும் வயித்துலதான வரச் சொல்வாங்க?" என்றாள் அண்ணி. "நம்ம வூட்லேர்ந்து தம்பிக்கு ஒண்ணு போவுது, அழுக்கா போவலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயிற்றோடு சிரிப்பது ஆபத்து. ஓடினேன்.

திங்களன்று மறுபடி. டாக்டர் உத்தரவு: பி.வாதி நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். அண்ணி முகத்தில் சவாலை ஏற்ற களை.

ஆக. 18, திங்கள். தி.வனம்.

இரவெல்லாம் மழை, காலையில் வெளுத்தது. பி.வாதி ஏழு மணிக்கே ஆஜர். ஆனால் வரவில்லை. அவன் வந்துவிட்டான், அது வரவில்லை.

"ஏரிக்கரையில குந்தினா ஒரு நிமிசம். இங்க நாலு சுவரு, மேல ஃபேனு. எப்படி வரும்?"

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். வழக்குப் போட்ட பிறகு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. முதலில் கிணற்றுத் தண்ணீர் பற்றி. பிறகு கேப்பை விலை. பிறகு பி.வாதி காலி மடியைத் தடவினான்.

"பீடி இல்லாம வராதுடா."

நர்சிங் ஹோம் வளாகத்தில் பீடி கூடாது. டாக்டரே, "இன்னிக்கு மட்டும்" என்றார். தெருமுனைக்கு நானே போய் ஒரு கட்டு வாங்கி வந்தேன். வாதி பிரதிவாதிக்கு. ரசீது இல்லை.

இரண்டாவது பீடியில் எழுந்தான். "ஜல்தி, கதவத் தொற!"

மிச்சம் சுருக்கமாக. உப்புத் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, எனிமா. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கை. முடிந்தவரை அடக்கி வைத்திருக்க வேண்டும். சுவரில் காலண்டர், அதிலிருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

கதவுக்கு வெளியே பி.வாதி: "உள்ள போயிடுச்சா சிஸ்டர்? டேய் தம்பி, கெட்டியா புடிச்சிக்க! பாடுபட்டுக் குடுத்திருக்கேன், வுட்றாத!"

பிடித்துக்கொண்டேன்.

ஆக. 21, வியாழன். வி.புரம்.

காலையில் ஒரு முறை. ஒரே முறை. உருவம் உண்டு.

சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று யோசித்தேன். கல்யாணமாகிப் பல வருஷம். கூப்பிட்டேன். பார்த்தாள். "சாமி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இட்லி ஊற்றப் போனாள். ஆறு தின்றேன்.

ஆக. 31, ஞாயிறு.

ஊருக்குப் போனோம். அண்ணன் வீட்டில் கேப்பைக்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். வாயாலேயே. இரண்டு சொம்பு.

சரோஜாவுக்கு ஒரு கவலை. அண்ணியிடம் மெதுவாக: "இப்பல்லாம் சுள்ளுனு கோவம் வருதுக்கா. உங்க வூட்டுக்காரரு மாதிரியே."

அண்ணி: "பீடி கேட்டா சொல்லு."

அண்ணன் மொபெட்டில் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டான். கிளம்பும்போது, "பத்தாந்தேதி வாய்தா. மறந்துடாத" என்றான். வரப்பைத் தாண்டித்தான் வந்தோம். அவனும் நானும் அதைப் பார்க்கவில்லை.

எடை கூடுகிறது. பெல்ட் பழைய ஓட்டைக்கு.

செப். 10, புதன். தி.வனம்.

வெயில். கூண்டில் ஏறினேன். பெயர். தகப்பனார் பெயர். தொழில். இவ்வளவு தூரம் இதுவரை போனதில்லை. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

எதிர் வக்கீல்: "கேஸ் போடுறதுக்கு முன்னாடி அந்த வரப்புல புல் அறுத்தது யாரு?"

"அண்ணன்."

"பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி?"

"அப்பவும் அவர்தான்."

"நீங்க ஒரு தடவையாவது?"

என் வக்கீல் என்னையே பார்த்தார். தன் வயிற்றை லேசாகத் தொட்டுக் காட்டினார். முன்சீப்பும் கேட்டார்: "சாட்சிக்கு உடம்பு முடியலைன்னா ஒத்திவைக்கலாம்."

"நல்லா இருக்கேங்க ஐயா" என்றேன். "இல்லை. ஒரு தடவைகூட அறுத்ததில்லை."

கடைசிவரை நின்றேன்.

செப். 19, வெள்ளி. தி.வனம்.

லேசான தூறல். தீர்ப்பு. வழக்கு செலவுத்தொகையுடன் தள்ளுபடி. வரப்பு அண்ணன் கையில், அவன் கோர்ட் செலவும் என் கணக்கில்; ரசீது கேட்கவில்லை.