கதையில் வராத முகம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. நீடாமங்கலம்.

உடம்பெல்லாம் அசதி. பள்ளிக்கூடத்தில் பாடம், நடவு ஆட்களுக்குச் சாப்பாடு, அதற்குமேல் இந்தக் கதை வாசிப்பு.

சர்க்கரை நோயால் என் வீட்டுக்காரருக்குப் பார்வை போனதிலிருந்து சாயங்காலம் நான்தான் கதை படித்துக் காட்டுகிறேன். இன்றைய கதையில் ஒருத்தி மழையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். "நிறுத்து" என்றார். "பஸ் தெரியுது, மழை தெரியுது. எந்தக் கதையானாலும் பொம்பளைக்கு உன் முகம்தான் வரும். கொஞ்ச நாளா வரமாட்டேங்குது. உன் முகம் எப்படி இருக்குன்னு சொல்லேன்."

"நெத்தியில அந்தத் தழும்பு அப்படியே இருக்கு. காதோரம் நல்லா நரைச்சிருச்சுங்க."

"நரையா?" என்றார். அவர் பார்த்தவரை எனக்கு ஒரு முடிகூட நரைத்ததில்லை. பிறகு, "சரி, மேல படி" என்றார்.

இப்போது எந்த முகம் வருகிறது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் தூங்கிய பிறகும் சத்தமாகவே படித்துக்கொண்டிருந்தேன்.