காட்டுமாட்டுச் சாணியும் பூசணிப் பூவும்

மார்கழி 3
பனி. மூக்கடைப்பு. மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்த காட்டுமாட்டுச் சாணி, இரண்டு கவர், மொட்டை மாடியில். நாளை தொட்டிகளில் போட வேண்டும். உள்ளே இருக்கும் விதை முளைத்தால் மாடு எதை மேய்ந்தது என்று தெரியும். மாட்டுக்கு மேய்ச்சல் இல்லையென்றால் புலிக்குச் சோறு இல்லை. என் ஆராய்ச்சியே இதுதான். சிதம்பரத்தில் கைடு சார் கறார்: "மொளைச்சத காட்டும்மா. அப்புறம் மறுபடி காட்டுக்குப் போறதப் பத்திப் பேசலாம்."

வாங்க: மண், மிக்சர், அத்தைக்குத் தைலம்.

மார்கழி 4
போச்சு.

வாசலில் மாமியார் போட்ட கோலம். நடுவில் சாணி உருண்டைகள், தலைக்கொரு பூசணிப் பூ. மாடிக்கு ஓடினேன். இரண்டு கவரும் காலி.

"பசுஞ்சாணி எங்க கெடைக்குது இப்ப? நீதான் கவர் கவரா வச்சிருந்தியே."

"அது புலி அடிச்சித் திங்கிற மாடு அத்தே!"

"இருக்கட்டுமே. திருப்பாதிரிப்புலியூர்ல குடியிருந்துகிட்டு புலிக்குப் பயந்தா ஆவுமா?"

எதிர்வீட்டுக்கும் தானமாம். தெருவே பார்க்கச் சாணி பொறுக்கினேன். எம்.எஸ்சி., தங்கப் பதக்கம். எதிர்வீட்டு அக்கா: "பூவ மட்டும் வச்சிட்டுப் போம்மா."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்கழி 5
பொறுக்கியது தொட்டிகளில், கோலமாவோடு சேர்த்தே. அத்தையோடு பேச்சு இல்லை. அவர் செய்த வெண்பொங்கல் மட்டும் இரண்டு தட்டு.

மார்கழி 11
முளைத்துவிட்டது! எல்லாத் தொட்டியும் பச்சைப் பசேல். குதித்ததில் கால் சுளுக்கு. அத்தையைக் கட்டிக்கொண்டேன். ஏனோ நெளிந்தார்.

மார்கழி 12
ஒரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ். சார் ஓர் இலையைக் கிள்ளினார், முகர்ந்தார், மென்றார்.

"வெந்தயம். காட்டுல மாடு இட்லிக்கு அரைக்குதாம்மா?"

திரும்பும் வழியெல்லாம் அவமானம். வீட்டுக்கு வந்து தொட்டியை அத்தை முன்னால் வைத்தேன்.

"நீ அழுதது கேட்டுச்சு. மனசு கேக்கல. அதான் ரெண்டு கை தெளிச்சி உட்டேன்."

திட்ட நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. இனி காடு இல்லை, குழம்பாவது மிஞ்சட்டும் என்று இருவரும் உட்கார்ந்து கீரை கிள்ளினோம். கடைசித் தொட்டியின் ஓரத்தில், வெந்தயத்துக்கு நடுவே, ஊசி மாதிரி ஒரு புல். அத்தையை நிமிர்ந்து பார்த்தேன்.

"சத்தியமா அது நான் போடலம்மா."